பாதி கொடுத்த கரி

தனுஜாவிடம் ஒரு பழக்கம் உண்டு. நெருப்பைக் கண்டால் நின்றுவிடுவாள். சின்ன வயதில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். பால் போனது கண்ணில் படாது, நீலச் சுடர் ஒரு கணம் மஞ்சளாகித் தாவியதுதான் படும். அவள் அப்பா அய்யாக்கண்ணு, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் லாரி ஓட்டியவர். "இந்தப் புள்ளய அடுப்புக்கிட்ட நிப்பாட்டாதீங்க. வீடே பத்திக்கிட்டாலும், எவ்ளோ அழகா எரியுதுன்னு பாத்துக்கிட்டே நிக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வது பலித்துவிடும் என்பதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தனுஜாவின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் அந்தச் சிரிப்புத்தான் முதலில் காதில் விழுகிறது.

பிறையில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றால் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். உள்ளே எரிவது தெரியாது. எரிந்ததன் மிச்சம் மட்டும் வானத்தில் சோம்பலாகக் கலைந்து போகும். எது எரிகிறது, எரிந்தது எங்கே போகிறது என்று கேட்டு அப்பாவை நச்சரிப்பாள். "எங்க போவுது, நம்ம வூட்டு பல்புக்குத்தான் வருது" என்பார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஃபெரியில் தீவுக்கு வந்து குயின் தெருக் கோயிலில் நிற்கும்போதும் இதே கதைதான். கற்பூரத் தட்டு வந்தால் எல்லோரும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். கற்பூரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு வெளிச்சத்தையும் கொடுத்துவிட்டு அது எங்கே போயிருக்கும் என்ற யோசனையிலேயே திருநீறு வாங்காமல் வந்துவிடுவாள்.

இப்படிப்பட்டவள் வேதியியல் ஆசிரியை ஆகாமல் வேறென்ன ஆவாள்? தீவிலேயே ஓர் இடைநிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவள் மேல் பிரியம் அதிகம், பயம் கம்மி. பாடம் நடத்திக்கொண்டே சன்னலுக்கு வெளியே போய்விடுவாள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். சில சமயம் அவளை அவர்கள்தான் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஐந்தாம் படிவ வகுப்பில் எரிதல் பாடம் வந்தால் மட்டும் அவள் எங்கேயும் போகமாட்டாள். எரிவது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது என்று கீழ்வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் வாசலிலேயே நின்றுவிடுகிற பேச்சு என்பாள். உள்ளே போனால் அங்கே நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். கைமாறுவது எலெக்ட்ரான். கொடுப்பது ஆக்சிஜனேற்றம் அடைகிறது, வாங்குவது ஒடுக்கம் அடைகிறது. ஒன்று நடந்து மற்றது நடக்காமல் இருக்காது. வாங்க ஆளில்லாமல் யார் எதைக் கொடுக்க முடியும்? மக்னீசிய நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் கண் கூசும் வெள்ளையில் எரியும். அது தாராளப் பேர்வழி, எலெக்ட்ரானை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். கரி அப்படி இல்லை. முழுசாகக் கையை விடாது. ஆக்சிஜனோடு கூட்டாகத்தான் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கூட்டில் ஆக்சிஜனின் இழுப்பு பலமானது. எல்லாம் அதன் பக்கமே சாய்ந்து கிடக்கும். அதனால் கொடுத்ததாகவே கணக்கு வைத்துக்கொள்கிறோம் என்பாள்.

"காற்று தாராளமாக இருந்தால் கரி தன்னிடம் உள்ள நான்கையும் கொடுத்து முடித்துவிடும். அதுதான் கரியமில வாயு. காற்று பற்றவில்லையென்றால் இரண்டைக் கொடுத்ததோடு நின்றுவிடும். அதற்குப் பெயர் கார்பன் மோனாக்சைடு."

இதை அவள் மலாயில்தான் நடத்தினாள். மலாயில்தான் கேள்வியும் வந்தது. முன்வரிசையில் இருந்த இஸ்ஸதி என்ற பெண், டீச்சரை மலாயில் அழைக்கிறபடி, "சிக்கு, பாதியைக் கொடுத்துவிட்டது சரி. மிச்சத்தை யாரிடம் கொடுக்கும்?" என்று கேட்டாள்.

தனுஜா சுண்ணக்கட்டியோடு நின்றுவிட்டாள். அப்புறம், "தேடிக்கொண்டு போகும்" என்றாள். இரும்பு உருக்கும் உலையில் அது தாதுவிடம் போய் ஆக்சிஜனைப் பிடுங்கி, தான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, இரும்பைத் தனியாக்கிவிட்டு நிம்மதியாகப் போகும். கரித்தணலின் தலையில் சின்னதாக நீலச் சுடர் ஆடுமே, அதுவும் இதுவேதான். பாதியில் நின்றது மேலே கொஞ்சம் காற்றைக் கண்டு மீதியைக் கொடுக்கிற சந்தோஷம். மணி அடித்துப் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். தான் சொன்ன பதில் அவளுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. தேடிக்கொண்டு போகும், தேடிக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டி, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

வீடு ஜெலுத்தோங் கடலோரத்தில், பதினெட்டாவது மாடியில். கணவன் தனேஷ் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். படுக்கையறை பால்கனியில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் அவள் பிறந்த கரை தெரியும், பழைய புகைபோக்கியும் தெரியும். பெண் குழந்தை பிறந்தது. தனுஜாவின் அம்மா இருந்திருந்தால் அவர் வந்து பார்த்திருப்பார். அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டதால் எதிர்க்கரையில் உள்ள மாக் மண்டினிலிருந்து குணவதியை வரச் சொன்னார்கள்.

குணவதிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வருஷத்தில் பாதி தொழிற்சாலைக் கண்டீனில் சமையல், மற்றபடி பிள்ளை பெற்ற வீடுகளில் பந்தாங் பார்ப்பது. நாற்பது நாள் தாயையும் சேயையும் குளிப்பாட்டி, பத்தியம் சமைத்துப் போட்டு, கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காப்பாற்றுவார். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். வந்த முதல் நாளே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டார்.

"டீச்சரம்மா, ஒன்னே ஒன்னுதான். காத்து படக்கூடாது. பச்ச ஒடம்பு. இப்ப ஏறுற காத்து எறங்காது லா. நாப்பது வயசுல முட்டி புடிச்சிக்கிட்டு ஒக்காந்தா என்னய நெனப்ப."

இதில் ஊரே ஒரு கட்சி. மலாய்க்காரர்கள் ஆங்கின் என்பார்கள், சீனர்கள் அவர்கள் பாஷையில் வேறொன்று சொல்வார்கள், நம்மவர்கள் வாயு என்போம். பினாங்கில் பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது என்பதில் மட்டும் யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. தனுஜாவும் சரி என்றாள். அம்மா இல்லாத வீட்டில், உனக்கு இது ஆகாது, அது ஆகாது என்று அதட்ட ஓர் ஆள் கிடைத்ததே அவளுக்கு இனிப்பாக இருந்தது. அந்த அதட்டலுக்காகவே சன்னல்களைத் தன் கையாலேயே சாத்தினாள்.

தலைக்கு ஊற்றிய நாள் குணவதி மண்சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவினார். அறை முழுக்க வெண்புகை. குழந்தையைப் புகைக்கு மேலே காட்டி, உச்சந்தலையில் கை வைத்து மூடி, தனுஜாவின் ஈரக்கூந்தலைக் கூடைமேல் விரித்துக் காயவைத்தார். கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டியது. கீழே காவலுக்கு இருந்த சலேஹா மூச்சு வாங்க மேலே ஓடிவந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய்விட்டது. "பிறந்த பிள்ளை இருக்கிற வீடு, காற்று விடாதீர்கள்" என்று மலாயில் அவரும் சொல்லிவிட்டு, ஆனால் அலாரம் இனி அடிக்கக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

தனேஷ் யோசித்தான். தொழிற்சாலை மூளை அல்லவா, உடனே வழி கண்டுபிடித்தான். குளியலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தலையுறையை எடுத்து அலாரத்துக்கு மாட்டிவிட்டான். குச்சியில் இறைச்சி சுடும் சாத்தே கடைக்காரர்கள் வாங்குகிற புகையில்லாக் கரியை ஒரு பெட்டி கொண்டுவந்தான். "அக்கா, இது பொகையே வராது. சாம்பிராணிய மட்டும் ஒரு சிட்டிக போடுங்க, போதும்."

"பொகை கொறஞ்சா சூடாவது இருக்கணும்ல தம்பி" என்று குணவதி சட்டியில் கரியைக் கூட்டினார். குளித்து முடித்ததும் சாம்பிராணி காட்டிவிட்டு, சட்டியை எடுக்காமல் அறை மூலையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவைப்பார், கதகதப்புக்கு. அறைக்கதவுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு விளிம்பெல்லாம் ரப்பர். இழுத்துச் சாத்தினால் பதினெட்டாம் மாடிக் காற்றின் ஊளைகூடக் கேட்காது.

இங்கே யாரும் குறுக்கே வந்து, வேதியியல் படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்கக்கூடாது. எனக்குக் கோபம் வரும். படித்தது பள்ளிக்கூடத்தில் இருக்கும். குழந்தை பெற்று, தூக்கம் இல்லாமல், மார்பில் பால் கட்டி, யாரோ ஒருவர் தலையைத் துவட்டிவிடுகிற சுகத்தில் கண்ணை மூடிக் கிடக்கிறவளுக்கு அது அந்தக் கட்டிலில் இருக்காது. புகை கண்ணில் பட்டால் எல்லோருக்கும் பயம் வரும். புகை நின்றதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான்.

அந்த நாள்கள் தனுஜாவுக்கு மிதப்பாகவே போயின. குளித்த சூடு, நல்லெண்ணெய் வாசம், பால் குடித்துவிட்டு வாயோரம் ஒழுகத் தூங்கும் குழந்தை. மூலையில் தணல். அதன் மேல் நீலச் சுடர்கள் விரல்நுனி உயரத்துக்கு எழுந்து ஓடிப்பிடித்து விளையாடும். அவள் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மதியத்தில் லேசாகத் தலை வலிக்கும். "தூக்கம் பத்தல" என்பார் குணவதி. வயிற்றைப் புரட்டும். "வாயு" என்பார். சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. கடலிலிருந்து சாய்ந்தடித்து, கண்ணாடிக் கதவை யாரோ கையால் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. தனேஷ் வேலைக்குப் போய்விட்டான். குளிர் நாள் என்று குணவதி வழக்கத்தைவிட நிறையக் கரி போட்டார். குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தாயையும் பிள்ளையையும் படுக்கவைத்துவிட்டு, துண்டைக் கதவுக்குக் கீழே இறுக்கித் திணித்துவிட்டு, சுறாப்புட்டுக் கிளறச் சமையல்கட்டுக்குப் போனார்.

தனுஜா தூங்கினாளா, விழித்திருந்தாளா என்று அவளுக்கே இன்றைக்கும் தெரியாது.

ஃபெரி வந்து நின்றது. பழைய ஃபெரி, சின்ன வயதில் அப்பாவோடு வந்தது. ஆனால் இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் நான்கு பொட்டலம். துறையில் வாங்குவதற்கு ஆள் நிற்க வேண்டும். ஓர் ஆள் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்வார், அப்படி இரண்டு பேர் வந்தால் ஒருவருடைய பாரம் இறங்கிவிடும். முதலில் வந்தவர்கள் எல்லாம் இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். வரவர, வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இறங்குகிறவர்கள் மட்டும் குறையவே இல்லை. இரண்டைக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டையும் இடுக்கிக்கொண்டு, வழி கேட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தார்கள். யாரிடமும் கோபம் இல்லை. வாசனை இல்லை, நிறம் இல்லை, காலடிச் சத்தம்கூட இல்லை. லிட்டில் இந்தியாவைத் தாண்டினார்கள். கடலோரமாக வந்தார்கள். பதினெட்டு மாடியும் ஏறி வந்து அவள் கட்டிலைச் சுற்றி மரியாதையாக நின்றார்கள்.

"யாரத் தேடுறீங்க?" என்று கேட்டாள் தனுஜா.

"இரும்ப" என்றார்கள்.

"இங்க ஏது இரும்பு? இது வீடு."

அவர்கள் திரும்பினார்கள். குழந்தையைப் பார்த்தார்கள். குழந்தைக்குள்ளே ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது, சின்னதாக, சிவப்பாக. அதன் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு துளி இரும்பு. ஆக்சிஜன் உட்கார்ந்து போகவேண்டிய இடம். அவர்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். இங்கே கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான், எழுந்திருக்கவே இல்லை. பஸ் நிறைந்துவிட்டது. வெளியே காத்து நின்ற ஆக்சிஜனை ஏற்றாமலே போயிற்று.

எவ்வளவு அழகு என்று நினைத்தாள் தனுஜா. எவ்வளவு அமைதி. நெருப்பு மூலையில் மங்கலாகச் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. சிவப்பு மட்டும் இருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது. பள்ளிக்கூட மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் வகுப்பில் நிற்கிறாள். இஸ்ஸதி.

"சிக்கு, நீலம் எங்கே?"

நீலம் இல்லை. தணலின் தலையில் ஒரு சுடர்கூட இல்லை. பாதியில் நின்றது மீதியைக் கொடுக்க அறையில் காற்று இல்லை. அப்படியானால் அது எரியவில்லை. எரியாவிட்டால் எங்கே போகும்?

தேடிக்கொண்டு போகும். அவளே சொன்ன பதில்.

எழுந்துவிட்டதாக நினைத்தாள். பார்த்தால் இன்னும் படுத்திருந்தாள். மறுபடி எழுந்தாள். கால்கள் வேறு யாருடையவோ போல் இருந்தன. கட்டிலிலிருந்து விழுந்தாள். தலைக்குள் சம்மட்டி அடித்தது. குழந்தையின் கை படுக்கை விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, விரல் மடங்காமல். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டாள். இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று அழுகை வந்தது. தரையில் முழங்கையை ஊன்றி ஊன்றிக் கண்ணாடிக் கதவுக்குப் போனாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. ஒருமுறை எட்டிப் பிடித்து நழுவவிட்டாள். அப்புறம் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கி எழுந்து, தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு, உடம்பின் எடை மொத்தத்தையும் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். திரைக்கம்பி கழன்று தலையில் விழுந்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

காற்று வந்தது. மழையும் உப்பும் சேர்ந்த கடல் காற்று, பல நாள் வாசலில் காத்திருந்த ஆள் மாதிரி உள்ளே பாய்ந்தது. மூலையில் தணல் சட்டென்று விழித்துக்கொண்டு நெருப்பாகச் சிவந்தது. அதன் தலையில் நீலம் எழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த குணவதி அறைக்கதவைத் திறந்தார். பச்சை உடம்புக்காரி ஈரத்தரையில் தலைவிரி கோலமாகக் கிடக்கிறாள், கதவு திறந்து கிடக்கிறது, மழைக்காற்று பிள்ளைமேல் அடிக்கிறது. அவருக்கு அதுதான் கண்ணில் பட்டது. "ஐயோ, காத்து!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து கதவை இழுத்துச் சாத்தப் போனார்.

தனுஜா தன் காலைக் கதவிடுக்கில் வைத்தாள்.

கதவு கணுக்காலில் மோதியது. அவளுக்கு நாக்கு குழறியது. "அக்கா. காத்து. காத்து வேணும் அக்கா." கட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

குணவதி திரும்பிப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிய கண். தூங்குகிற பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவை விட்டார். ஒரு கணம்தான் நின்றார். தன் வாழ்நாள் முழுக்க எந்தக் காற்றுக்கு எதிராகக் கதவு சாத்தி வந்தாரோ, அந்தக் காற்றிலேயே பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். மழையில் நின்றார். பிள்ளையின் முகத்தைக் கடல்பக்கம் திருப்பிப் பிடித்து முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். "அழுடி. அழுடி என் தங்கம். அழுது தொலடி."

தனுஜா தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் வேறு எதுவும் நடக்கவில்லை. மழை மட்டும் பெய்தது.

அப்புறம் ஒரு கமறல். ஒரு தும்மல். அப்புறம் அந்தப் பிள்ளை அழுதது பாருங்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். நான் கேள்விப்பட்டதிலேயே நல்ல அழுகை அதுதான்.

அடுத்த வீட்டுக்காரர் தம் கெரேத்தாவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தச் சின்ன மூக்குக்கு ஏற்ற குழாயைப் பார்த்து தனேஷ் சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதான். மருத்துவர் குழந்தையைச் சோதித்துவிட்டு, "நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள், பயமில்லை" என்று சொன்னார். தனுஜா படுத்தபடியே பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து இறங்குகிறார்கள், இடம் காலியாகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. மூச்சு விடுவதும் ஒரு எரிதல்தான். சுடர் இல்லாமல், மெதுவாக, கொடுத்தும் வாங்கியும். வகுப்பில் எத்தனையோ முறை அதைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் தனேஷ் முதல் வேலையாக ஏணி போட்டு ஏறி அலாரத்தின் தலையுறையைக் கழற்றினான். குணவதி வரவில்லை. கைப்பேசியையும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

"என்னங்க, மாக் மண்டினுக்குப் போவோம்" என்றாள் தனுஜா.

"பந்தாங்லா தனு. வெளிய போலாமா?"

அவள் பிள்ளையைத் துணியில் சுற்றினாள்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் குணவதியின் வீடு. பழைய பலகை வீடு. அவர் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தனுஜா பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஆனாலும் வெளிச்சம் இருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு கோடாகப் பகல் உள்ளே வந்துகொண்டிருந்தது. சாமி படத்தில் தொங்கிய மாலை தானாக அசைந்தது. தரைப் பலகையின் இடுக்கு வழியாகக் காற்று வந்து காலைத் தொட்டது.

"என்னய எதுக்குத் தேடி வந்தீங்க" என்றார் குணவதி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "எம் புள்ளைங்களுக்குத் தணல் போட்டேன், எந் தங்கச்சி புள்ளைங்களுக்குப் போட்டேன். இதே வூட்டுல, இதே சட்டிலதான். இப்புடித்தான் எல்லாத்தயும் சாத்திட்டுப் போட்டேன். ஒன்னும் ஆவல. ஒங்க வூட்டுல மட்டும் எம் புத்தி எங்க போச்சுன்னு தெரியல. நா கொல்லப் பாத்துட்டேன் டீச்சர்."

தனுஜா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கம்போல மெய்ம்மறந்துதான் நின்றாள். பின்பு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க ரெண்டு வூட்டுலயும் ஒரே மாதிரிதான் சாத்துனீங்க. இந்த வூடு ஒங்க பேச்சக் கேக்கல. எங்க வூடு கேட்டுருச்சு."

குணவதிக்கு முதலில் விளங்கவில்லை. சுவரைப் பார்த்தார். கோடு கோடான வெளிச்சத்தைப் பார்த்தார். அசைகிற மாலையைப் பார்த்தார். பலகையின் இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். தனுஜாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தனேஷ் என்ன செய்வதென்று தெரியாமல் படியிலேயே நின்றான்.

அழுது முடித்ததும், "பாப்பாவ இன்னும் குளிப்பாட்டல அக்கா" என்றாள் தனுஜா.

"இங்கயா?"

"இங்கயேதான்."

குணவதி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். வெந்நீர் வைத்தார். பழைய மண்சட்டியில் நாலே நாலு கரி போட்டு ஊதினார். முதலில் சன்னலைத் திறந்தார். கொஞ்சம் திறந்துவிட்டு யோசித்தார், பிறகு மொத்தமாகத் திறந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகைக்கு மேலே காட்டி, உச்சந்தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தனுஜாவின் மடியில் கொடுத்தார்.

பலகை இடுக்கிலும் சன்னலிலும் காற்று தாராளமாக வந்துபோய்க்கொண்டிருந்தது. தணலின் தலையில் நீலச் சுடர் எழுந்தது. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. தனுஜாவின் கண் அங்கே போயிற்று. நின்றுவிட்டது.

குணவதி தன் தோள்துண்டை எடுத்து அவள் தலையைச் சுற்றிக் காதோடு இறுக்கிக் கட்டினார். அப்படியே மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினார்.

"நெருப்பப் பாத்தது போதும். புள்ளயப் பாரு."

தனுஜா பிள்ளையைப் பார்த்தாள்.